வந்தனா எங்கே நிற்கிறார்?

ஹாக்கி பார்க்கிறவர்கள் எல்லாரும் பந்தைப் பார்ப்பார்கள். நான் இந்திய ஃபார்வர்ட் வந்தனா கட்டாரியாவைத்தான் பார்ப்பேன். டி வட்டத்துக்குள் ஆளாளுக்கு முட்டி மோதிக்கொண்டிருக்க, கோல் கம்பத்தருகே மட்டையைத் தரையோடு படியவைத்து அவர் தயாராக நிற்பார். பந்து அங்கேதான் வரும்! இது அதிர்ஷ்டமே இல்லை. ஆட்டத்தை முன்கூட்டியே படித்துவிடுகிற அபார மூளை.

2021 ஜூலை 31, டோக்கியோ ஒலிம்பிக். முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்றிருந்த நம் பெண்கள், தென்னாப்பிரிக்காவைக் கட்டாயம் ஜெயிக்க வேண்டும். 4ஆவது நிமிடம்: வலது ஓரமாகப் பிய்த்துக்கொண்டு ஓடிய நவ்நீத் கௌர் பந்தை உள்ளே தள்ள, வந்தனா முடித்துவைத்தார். 17ஆவது நிமிடத்தில் இரண்டாவது. நாம் முந்துவதும் அவர்கள் சமன் செய்வதுமாக 3-3 வரை வந்து, எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. 49ஆவது நிமிடத்தில் பெனால்டி கார்னர். குர்ஜித் கௌர் அடித்த பந்து சீறி வருகிறது. வந்தனா மட்டையைக் காட்டினார், அவ்வளவுதான். திசை மாறி வலைக்குள்! வீடே அதிரக் கத்தினேன். அந்த வேகத்தில் வரும் பந்துக்கு மட்டையின் கோணம் இம்மி பிசகினாலும் போச்சு. ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண் இவர்தான்.

அதே ஆண்டு மே மாதம்தான் அப்பா நாஹர் சிங் காலமாகியிருந்தார். ஹரித்வாரை அடுத்த ரோஷனாபாத்தில், ஊர்ப் பேச்சுக்குக் காது கொடுக்காமல் மகளை ஆட அனுப்பிய மனிதர். பெங்களூரு முகாமில் இருந்த வந்தனாவால் அவர் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக்கூடப் போக முடியவில்லை.

அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் தோற்றதும், சிலர் வந்தனாவின் வீட்டு வாசலில் பட்டாசு வெடித்து, சாதியைச் சொல்லி ஏசியதாகக் குடும்பத்தார் போலீசில் புகார் கொடுத்தார்கள். நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இரண்டே நாளில் பிரிட்டனுக்கு எதிரான வெண்கலப் பதக்க ஆட்டம். 0-2 எனப் பின்தங்கிய இந்தியாவைக் குர்ஜித் இரண்டு கோலடித்துத் தூக்கி நிறுத்த, 29ஆவது நிமிடத்தில் 3-2 என முன்னிலைக்குக் கொண்டுபோனவர் வந்தனா! பதக்கம் 3-4 என்று நழுவியது. அந்தக் கோலை யாராலும் பறிக்க முடியாது.

2022இல் பத்மஸ்ரீ. 2025 ஏப்ரலில் ஓய்வு பெற்றபோது 320 ஆட்டங்கள், 158 கோல்கள். ஃபார்வர்டாக ஓடி ஓடி, அடிபட்டு எழுந்து, இத்தனை ஆட்டங்கள்! 300ஐ முதலில் தொட்ட இந்தியப் பெண்ணும் அவரே. அது 2023இல் ராஞ்சியில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில். அதே தொடரின் இறுதிப் போட்டியில் நம் பெண்கள் ஜப்பானை 4-0 என்று நொறுக்கினார்கள். கடைசி நிமிடத்தில் விழுந்த அந்த நான்காவது கோல் யாருடையது என்கிறீர்கள்? சாட்சாத் வந்தனாவேதான்!