கார்புரேட்டருக்குத் தெரியாமல்

பழவேற்காட்டில் அவுட்போர்டு மோட்டார் பூட்டிய ஃபைபர் படகைக் கிளப்பும்போது கவனியுங்கள். கயிற்றை இழுக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸின் நடுவே ஒரு ரப்பர் குமிழ். அது கல்லாக இறுகும்வரை கையால் பிசைவார்கள். இறுகினால் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் நிரம்பி, நீடில் வால்வு வழியை அடைத்துவிட்டது என்று பொருள். பிறகுதான் கயிறு. பழைய காருக்கு எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் மாட்டும் வித்தை முழுக்க அந்தப் பிசைதலில் அடக்கம்: இன்ஜின் சுற்றும் முன்பே பெட்ரோல் வந்து காத்திருக்க வேண்டும், வந்ததும் தள்ளுவது நிற்க வேண்டும்.

இரண்டாவது பாதியைத்தான் பலர் மறக்கிறார்கள். மெக்கானிக்கல் பம்ப் அதை மறந்ததே இல்லை. அம்பாசடரிலும், வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் கேம் ஷாஃப்ட் ஒரு நெம்புகோலை ஆட்டும். அது டயாப்ரத்தை இழுக்கும். பெட்ரோலைத் தள்ளுவது ஸ்பிரிங் மட்டுமே. நீடில் அடைத்துக்கொண்டால் ஸ்பிரிங் அமுங்கியபடி கிடக்கும், நெம்புகோல் சும்மா ஆடும். ரெகுலேட்டரும் வேண்டாம், ஒயரும் வேண்டாம். இப்படி ஒரு பொருளை ஏன் கழற்ற வேண்டும்?

வெயில்தான் காரணம். பம்ப் இருப்பது கொதிக்கும் பிளாக்கின் மேல். டேங்க் இருப்பது வண்டியின் பின்கோடியில். அவ்வளவு தூரம் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரமே ஆவியாகும். மே மாதத்தில் பொன்னேரி தாண்டி வண்டி நின்றுபோக, பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. போதாக்குறைக்கு, இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பருக்கு அது ஆகாது. டயாப்ரம் கிழிந்தால் பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கி ஆயிலையும் கெடுக்கும்.

நல்ல கைவேலையைப் பின்பக்கம் குனிந்துதான் பார்க்க வேண்டும். பம்ப் டேங்குக்கு அருகில், கூடியவரை தாழ்வாக, முன்னால் ஒரு ஃபில்டரோடு, ரப்பர் புஷ் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து தள்ளினால் குழாய் முழுக்க அழுத்தம் இருக்கும், ஆவி சுலபத்தில் சேராது. அழுத்தம் 2, 3 பி.எஸ்.ஐ. போதும். காயலான் கடையில் மலிவாகக் கிடைத்ததென்று இன்ஜெக்‌ஷன் காரின் பம்பைப் பூட்டினால் அது 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் தள்ளும். நீடில் தாங்காது, கார்புரேட்டர் வழியும், பிளக் நனையும். பலம் காட்டுகிற வேலையே இல்லை இது. மோரிஸ் மைனரில் வந்த எஸ்.யூ. எலெக்ட்ரிக் பம்பைக் கேட்டவர்களுக்கு இது தெரியும்: சாவியைத் திருப்பியதும் படபடவென்று அடித்து, சேம்பர் நிரம்பியதும் தானாக அடங்கிவிடும். கார் உலகில் எனக்குப் பிடித்த ஓசைகளில் அது ஒன்று.

ஆனால் என் மதிப்பெண் ஒயரிங்குக்குத்தான். மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின் நின்றால் நிற்கும். எலெக்ட்ரிக் பம்புக்கு அந்த விவேகம் கிடையாது. மோதி ஹோஸ் அறுந்தாலும், சாவி ஆனில் இருக்கும்வரை பெட்ரோலைப் பீய்ச்சும். ஆகவே ஃபியூஸ், ரிலே, ஆயில் பிரஷர் விழுந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச், செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு மாற்றுவழி, இத்தனையும் இருக்க வேண்டும். உப்புக்காற்று வீசும் ஏரிக்கரை ஊரில் எர்த் ஒயரையும் பார்க்க வேண்டும்: துருவைச் சுரண்டி, வெறும் இரும்பில் இறுக்கி, கிரீஸ் தடவியிருந்தால் அந்த மெக்கானிக்கை நம்பலாம். பழைய பம்ப் இருந்த ஓட்டையை பேக்கிங் வைத்துத் தகட்டால் மூடியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

கழற்றிய பம்பைக் காயலானுக்குப் போட்டுவிடாதீர்கள். எத்தனால் தாங்கும் புது டயாப்ரம் போட்டு, அந்தத் தகட்டின் நட்டுகளுக்கு ஏற்ற ஸ்பானரோடு டிக்கியில் வைத்திருங்கள்.