முறுகல்

நல்ல முறுக்கை நாக்குக்கு முன்னால் காது அறியும். தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் சுட்டு மும்பைக் கடைகளுக்கு அனுப்பும் முறுக்கு, மராத்தியர் வாயில் 'சக்லி' ஆகிவிடுகிறது. பெயர் எதுவானாலும் சோதனை ஒன்றே: கடித்ததும் 'நறுக்'கென்று உடைய வேண்டும், பல்லோடு மல்லுக்கட்டக் கூடாது.

இந்தப் பதத்தை ஆங்கிலத்தில் 'கிரிஸ்ப்' என்பார்கள். அதன் வேர் லத்தீனின் 'கிரிஸ்பஸ்'. சுருண்டது என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் சுருட்டை முடிக்கு வழங்கிய சொல் அது. நொறுங்கும் பண்டத்துக்கு வந்து சேர்ந்தது 16ஆம் நூற்றாண்டில்தான். சூடு பட்டால் மெல்லிய பண்டம் சுருளும் என்பதால் பொருள் இப்படி நகர்ந்திருக்கலாம் என்பார்கள். பிறகு ஆப்பிள், புது நோட்டு, குளிர்காலக் காற்று, சுருக்கமான பேச்சு என்று எல்லாவற்றுக்கும் அடைமொழியாகிவிட்டது.

நம் 'முறுகு'ம் அதே இரண்டு பொருளையும் சுமக்கிறது. திருகிக்கொள்வதும் முறுகுதல், சூட்டில் காய்ந்து இறுகுவதும் முறுகுதல். மீசையையும் முறுக்குகிறோம்; தோசையையும் முறுகலாகக் கேட்கிறோம்.

இரண்டு பொருளும் கூடும் இடம் கைச்சுற்று முறுக்கு. அரிசி மாவு, வறுத்தரைத்த உளுத்தமாவு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு. பிசைந்த மாவை விரல்நுனியில் திருகித் திருகி வட்டமாகச் சுற்ற வேண்டும். இழை அறுந்துவிடக் கூடாது. எண்ணெயில் போட்டதும் மாவின் ஈரம் ஆவியாகிச் சடசடக்கும். அந்தச் சத்தம் அடங்குவதுதான் பதம். தீ மிஞ்சினால் வெளியே சிவந்து உள்ளே சவசவக்கும். மும்பை மழைக்காலத்தில் டப்பா மூடி சற்றே தளர்ந்திருந்தாலும் போதும், காற்றின் ஈரத்தைக் குடித்து நமத்துப்போகும்.

மும்பையின் மாட்டுங்கா பகுதித் தோசையிலும் இதே கலைதான். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1940 முதல் நடக்கும் கஃபே மெட்ராஸ் போன்ற இடங்களில் கல்லின் மேல் கண் வைத்திருங்கள். மாவை மெல்லிசாக இழுத்து, நெய் விட்டுச் சற்று நேரத்தில், ஓரம் தானாகக் கல்லை விட்டெழுந்து சுருளும். திருப்பியை மாஸ்டர் அப்போதுதான் உள்ளே விடுவார். சுருண்டால் முறுகிவிட்டது என்று அர்த்தம். லத்தீன்காரனும் தமிழனும் சொல்லில் வைத்த அறிவு அந்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரிகிறது.

முறுகலுக்கு ஆயுள் சில நிமிடம்தான். தட்டு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு ஓரத்திலிருந்து தொடங்குங்கள். சாம்பார் கிண்ணத்திலேயே இருக்கட்டும்.