கிரவல் வண்டியும் ஊவா மலைப்பாதையும்: ஒரு மதிப்பீடு

‘கிரவல்’ என்னும் சொல் ஊவா மாகாணத்துத் தோட்டப்புறத் தமிழுக்குப் புதியதன்று. பதுளையிலிருந்து பசறைக்கும் ஹாலி-எலைக்கும் செல்லும் பெருந்தெருக்களை விட்டுப் பிரிந்து, தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் லயங்களுக்கும் ஏறிச் செல்லும் பாதைகளிற் பல கிரவலும் கருங்கல்லும் பரப்பி அமைக்கப்பட்டவை. மாரி மழை அப்பரப்பை அரித்துச் சென்றபின் கல் மட்டும் துருத்தி நிற்கும். இதே சொல்லைப் பெயராகத் தாங்கிய ஒருவகைத் துவிச்சக்கர வண்டி அண்மைக்காலத்தில் மேலைநாடுகளிற் பெருவழக்குப் பெற்றுள்ளது. 2006 இல் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் தொடங்கப்பெற்ற நெடுந்தூரக் கிரவற் பாதைப் போட்டி அதன் வளர்ச்சிக்கு ஒரு தூண்டுகோலாய் அமைந்தது. அகன்ற டயர், வளைந்த கைபிடி, தட்டுப் பிறேக், ஏற்றத்துக்கேற்ற பற்சில்லுகள் என்பன அதன் இலக்கணமெனக் கூறப்படுகின்றன. இவ்வண்டி உண்மையான கிரவற் பாதையில் அன்றாடம் நடப்போருக்கு எத்துணைப் பயனுடையது, அதற்குக் கேட்கப்படும் விலை தகுமா என்னும் வினாக்கள் ஆராயத்தக்கன.

முதலில், புதுமை எனப்படுவது எத்துணைப் புதியது என்பதை நோக்குதல் வேண்டும். றலி, ஹம்பர், ஹேர்க்குலிஸ் முதலிய பெயர்களோடு இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்த பழைய வண்டிகளின் டயர் 28 அங்குல விட்டமும் ஒன்றரை அங்குல அகலமும் உடையது. ஒன்றரை அங்குலம் என்பது 38 மில்லிமீற்றர். இன்றைய கிரவல் வண்டிகளிற் பெரும்பாலானவை 35 முதல் 50 மில்லிமீற்றர் வரையான டயரையே கொள்கின்றன. முன்னும் பின்னுமான சில்லுகளுக்கிடையே நீண்ட தூரம், சாய்ந்த முன்கவை, உருக்குச் சட்டகம் என்பனவும் பழைய வண்டியில் இருந்தவையே. அவ்வண்டி செப்பனிடப்படாத தெருக்களை மனத்திற் கொண்டு ஆக்கப்பட்டமையே இதற்குக் காரணம். எனவே அகன்ற டயரைப் புதிய கண்டுபிடிப்பாகப் போற்றுதல் வரலாற்றை மறந்த கூற்றாகும்.

ஆயின் பழைய வண்டி யாழ்ப்பாணத்துச் சமதரையில் வாழ்வின் அங்கமாகியது போன்று ஊவாவில் ஆகவில்லை. பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீற்றர் உயரத்திலும், பண்டாரவளை 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலும் உள்ளன. இவ்வேற்றத்தின்முன் பழைய வண்டியின் இரு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று பற்சில்லு, மற்றொன்று பிறேக். முன்னே 44 பற்களும் பின்னே 18 பற்களும் கொண்ட ஒற்றை இணையில் மிதிகட்டை ஒருமுறை சுழல, வண்டி ஏறக்குறைய 5.4 மீற்றர் செல்லும். சமதரைக்கு அது பொருத்தம். மலைக்கு அது தண்டனை. கிரவல் வண்டியில் முன்னே 31, பின்னே 34 எனும் இணையைத் தெரிந்தால் ஒரு சுழற்சிக்கு 2 மீற்றரே செல்லும். அதே ஏற்றத்திற் காலாற் கொடுக்க வேண்டிய விசை முன்னையதில் 37 வீதமளவாகக் குறைகிறது. வேகம் குறையும், ஆயினும் இறங்கித் தள்ள வேண்டிய இடத்தில் ஏறிச் செல்லலாம்.

பிறேக்கின் நிலையும் இத்தகையதே. பழைய வண்டியின் கம்பிப் பிறேக் உருக்கு ரிம்மை அழுத்துவது. ரிம் நனைந்தபோது உராய்வு பெரிதும் குன்றும். வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் வளைவும் இறக்கமுமான தோட்டப் பாதையில் இக்குறை உயிர்க்கே ஊறானது. சில்லின் நடுவே பொருத்தப்படும் தட்டுப் பிறேக் நீரினாலும் சேற்றினாலும் அத்துணை பாதிக்கப்படுவதில்லை. கிரவல் வண்டியின் மெய்யான சிறப்பு இவ்விரண்டிலுமே தங்கியுள்ளது எனலாம்.

மலைநாட்டின் தேவை வண்டியின் வடிவை மாற்றுவது வரலாற்றுக்குப் புதிதன்று. பிரான்சின் மலைப்பாங்கான சேந்த் எத்தியேன் நகரில் வாழ்ந்த போல் த விவி (1853–1930) என்பார், ஏற்றங்களுக்குப் பல பற்சில்லுகள் வேண்டுமென்று தாம் நடத்திய சஞ்சிகையில் இடையறாது வாதிட்டார். ஆயினும் புகழ்பெற்ற பிரான்சு சுற்றோட்டப் போட்டி, சங்கிலி மாற்றும் பொறியை 1937 இலேயே அனுமதித்தது. போட்டியின் பெருமிதமும் பாதையின் தேவையும் வெவ்வேறு என்பதற்கு இது தக்க சான்று.

அவ்வேறுபாடு சட்டகப் பொருளைப் பற்றிய வாதத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. காபன் இழைச் சட்டகமே உயர்ந்ததென வணிகர் கூறுவர். அதன் இலேசும் அதிர்வைத் தணிக்கும் இயல்பும் மறுக்கத்தக்கனவல்ல. ஆயின் 60 கிலோகிராம் நிறையுடைய ஒருவர் 10 கிலோகிராம் சுமையோடு 14 கிலோகிராம் நிறையுடைய வண்டியில் ஏறினால் மொத்தம் 84 கிலோகிராம். வண்டியை 9 கிலோகிராமாகக் குறைப்பினும் மொத்தத்திற் குறைவது 6 வீதமளவே. பற்சில்லு மாற்றம் தரும் நன்மையோடு ஒப்பிட இது சிறிது. விலையோ மிகப் பெரிது. மேலும் கல்லடி பட்ட காபனின் உட்பிளவு கண்ணுக்குப் புலனாகாதிருத்தல் கூடும். அலுமினியம் உருக்கின் மூன்றிலொரு பங்கு அடர்த்தியே உடையது. விறைப்பும் அவ்வாறே மூன்றிலொன்று. எனவே அதன் குழாய்கள் பருமனாக ஆக்கப்படுகின்றன. சிறு அதிர்வாயினும் எண்ணற்ற முறை நேரின் அதற்கு உலோகக் களைப்பு உண்டாகும். ஒட்டியபின் மீளவும் வெப்பப் பதம் செய்யாவிடில் அது வலுவிழக்கும். உருக்கு பாரமானது, துருப்பிடிப்பது. ஆயினும் முறிந்த உருக்குக் குழாயைப் பதுளைக் கடைத்தெருவின் சாதாரண வெல்டிங் பட்டறையிலும் இணைத்துவிடலாம். திருத்தக்கூடியதாயிருத்தலும் ஒரு பொருளின் தரமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

இனி விலை. மேலைச் சந்தையில் அலுமினியக் கிரவல் வண்டிகள் ஏறக்குறைய 1,000 டொலர் மட்டத்திலும் அதற்கு மேலும் விற்கப்படுகின்றன. காபன் வண்டிகள் பன்மடங்கு விலையுடையன. டொலர் ஒன்றுக்கு 300 ரூபாய் எனக் கொள்ளின் 1,000 டொலர் என்பது 3 இலட்சம் ரூபாய். தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாயாகவும் 2024 இல் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. பிந்திய கணக்கின்படியும் அவ்வண்டி 222 நாட் கூலிக்குச் சமமாகும். ஏற்றுகூலியும் தீர்வையும் இதில் அடங்கா. 2022 இல் எரிபொருட் பஞ்சம் நாட்டை வாட்டியபோது சைக்கிளின் அருமையை நகரத்தார் உணர்ந்தனர். பேருந்து நிற்குமிடத்திலிருந்து லயம்வரை நடந்தே பழகிய குடும்பங்களுக்கோ அது முன்னரும் எட்டாக்கனியாகவே இருந்தது.

ஆகவே பெயரை விடுத்துப் பயனை நாடுவோர்க்கு வேறொரு வழி புலப்படும். 26 அங்குலச் சில்லுடைய எளிய உருக்கு மலைவண்டியில் முன்னே 28, பின்னே 28 எனும் இணை அமையின், அங்கும் ஒரு சுழற்சிக்குச் செல்லும் தூரம் ஏறக்குறைய 2 மீற்றரே. கிரவல் வண்டி பெருவிலைக்குத் தரும் முதன்மைப் பயனை இது சிறு விலைக்குத் தருகின்றது. இத்தகைய வண்டிகளில் அலங்காரமாகச் சேர்க்கப்படும் மலிவான விற்சுருள் முன்கவை நீக்கப்படல் வேண்டும். அது பாரத்தைக் கூட்டி, ஏறுகையில் மிதியின் வலுவை வீணாக்குவது. அதன் செலவைக் கம்பியால் இயங்கும் தட்டுப் பிறேக்குக்கும், பொதி வைக்கும் உறுதியான தாங்கிக்கும், சேற்றுக் காப்புக்கும் திருப்பின் ஊவாவுக்குரிய வண்டி ஒன்று உருப்பெறும்.

எந்த வண்டியும் கொழுந்து பறிக்கும் மலைச்சரிவின் படிக்கட்டில் ஏறாது என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கூடை சுமக்கும் பெண்ணின் பாரத்தை அது குறைக்கப்போவதில்லை. ஆயின் பாடசாலைக்கு நாளும் பல மைல் நடக்கும் மாணவியின் ஒரு மணி நேரத்தை அது மீட்டுத்தர வல்லது. அந்நேரம் படிப்புக்கோ ஓய்வுக்கோ உரியதாகும். தோட்டப் பாதைகள் தேயிலையை வெளியே கொண்டுசெல்ல வெட்டப்பட்டவை. அவற்றின் ஓரத்தில் வாழ்பவரின் போக்குவரத்து அன்று கருதப்படவில்லை. வண்டியின் தரத்தை அளப்போர், அப்பாதையில் நாள்தோறும் செல்பவரின் காலையும் கைப்பணத்தையும் அளவுகோலாகக் கொள்வரேல் அப்பழைய பிழை மீண்டும் நேராது.