எந்த வயசுல பார்த்த?

கரும்பலகையில் கோடு போட்டது நான்தான். காதல், நகைச்சுவை, குடும்பம், ரவுடிப் படம், பேய்ப் படம் என்று ஐந்து வகை. ஒவ்வொன்றிலும் தமிழில் சிறந்தது எது, அதற்குத் தணிக்கைக் குழு என்ன சான்றிதழ் தந்தது என்று மாணவிகள் சொல்ல வேண்டும். இரண்டாம் சனிக்கிழமைதோறும் கூடும் எங்கள் திரைப்பட வட்டத்தில் இந்த ஆண்டு என்னென்ன படம் போடுவது என்று முடிவு செய்யத்தான் இந்த ஏற்பாடு. நான் பாடம் நடத்தும் மகளிர் கல்லூரி ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ‘ஏ’ படம் கூடாது. முதலாமாண்டில் பாதிப் பேருக்குப் பதினெட்டு நிரம்பவில்லை. சட்டப்படி அது சரி. அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை வேறு இடத்தில் வந்தது. காதல் வகையில் ‘குணா’வுக்குக் கை தூக்கினார்கள். ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு அந்தக் குகையும் அந்தப் பாட்டும் இந்தத் தலைமுறைக்கும் சொந்தமாகிவிட்டன. “அதுல அவன் அந்தப் பொண்ணைக் கடத்திட்டுப் போறான்ல?” என்றாள் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. “கடத்துறான், ஆனா அவ கடைசில அவனை லவ் பண்றாளே” என்று பதில் வந்தது. “பாட்டை எடுத்துட்டுப் பாருங்கடி.” அறையில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக அந்தப் படத்தை நான் ரசித்திருக்கிறேன். இளையராஜாவின் இசையை எடுத்துவிட்டு, கதையை அபிராமியின் பக்கமிருந்து யோசித்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அவள் பக்கமிருந்து பார்த்தால், வெளியேற வழி தெரியாத ஒரு குகையில் முன்பின் தெரியாத ஆணோடு அடைபட்ட பெண்ணின் கதை அது. அப்படி எடுத்திருந்தால் ‘த்ரில்லர்’ என்று பெயர் வைத்திருப்பார்கள்.

அடுத்து ‘ரெமோ’. 2016-ல் வந்தது, ‘யு’ சான்றிதழ். அதைக் காதலில் எழுதுவதா, நகைச்சுவையில் எழுதுவதா என்று பத்து நிமிடம் வாதாடினார்கள். கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிச்சயமான ஒரு பெண் மருத்துவரை ஒருவன் விரும்புகிறான். நர்ஸ் வேடம் போட்டு அவள் வேலை செய்யும் இடத்துக்குள் நுழைகிறான், தோழியாகி அவள் மனதை மாற்றுகிறான், நிச்சயித்த திருமணம் உடைகிறது. சிவகார்த்திகேயனின் பெண் வேடத்துக்காகவே அந்தப் படம் பிடிக்கும் என்று ஒருத்தி வெளிப்படையாகச் சொன்னாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. அந்த ஒப்பனையும் நடையும் சிரிக்க வைக்கின்றன. சிரிக்கிற நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்பதுதான் கண்ணிலிருந்து மறைகிறது.

அப்போது பின்வரிசையிலிருந்து முதலாமாண்டுப் பெண் ஒருத்தி பேசினாள். பதினேழு வயது. அதுவரை வாய் திறக்காதவள். “பிளஸ் டூ படிக்கையில ஒருத்தன் தினம் பஸ்ஸுல வருவான் மேம். என் ஃப்ரெண்டோட அண்ணன்கிட்ட என் நம்பரை வாங்கி, பொண்ணு மாதிரி பேரு வெச்சுக்கிட்டு எனக்கு மெசேஜ் பண்ணுவான். ரெண்டு மாசம் அது பொண்ணுன்னே நெனச்சுப் பேசிட்டு இருந்தேன். தெரிஞ்சதும் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ‘செம ரெமோடி அவன்’னு சிரிச்சாங்க. வீட்ல சொல்லல. சொன்னா காலேஜே கிடையாது.”

யாரும் பதில் சொல்லவில்லை. ‘ரெமோ’ என்ற பெயரைக் கரும்பலகையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சுண்ணக்கட்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து என்னைக் குடைவது இதுதான். வயதுச் சான்றிதழைப் படத்துக்கு வாரியம் கொடுக்கிறது என்று நினைக்கிறோம். பாதி முடிவை அதற்கு முன்பே ‘வகை’ எடுத்துவிடுகிறது. ஓர் ஆண் ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறான். பின்னணியில் வயலின் ஒலித்தால் காதல், தவுல் ஒலித்தால் நகைச்சுவை, ஒன்றும் ஒலிக்காவிட்டால் குற்றம். முதல் இரண்டையும் குழந்தைகளோடு பார்க்கலாம் என்கிறோம். மூன்றாவதுக்கு மட்டும் வயது கேட்கிறோம்.

விதிகள் இல்லாமல் இல்லை. 1991-ல் மத்திய அரசு வெளியிட்ட சான்றளிப்பு வழிகாட்டு நெறிகளில் பெண்களை எந்த வகையிலாவது இழிவுபடுத்தும் காட்சிகள் இடம்பெறக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. நல்ல வரிதான். ஆனால் இழிவு என்றதும் சதை தெரிவதும் கெட்ட வார்த்தையும்தான் நம் ஆட்களுக்குத் தோன்றுகிறது. பெண் ‘வேண்டாம்’ என்று சொன்ன பிறகும் ஒருவன் அவளைத் துரத்துவது அவர்கள் கணக்கில் இழிவு ஆகாது. அது விடாமுயற்சி.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் காலை நேரத்தில், அத்தனை பேர் முன்னால், ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். சில வாரங்களுக்குத் தமிழ் சினிமாவின் துரத்தல் காதலைப் பற்றி எல்லோரும் பேசினோம். ‘ரெமோ’ திரைக்கு வந்தது அதே ஆண்டு அக்டோபரில்.

இதில் காசுக் கணக்கும் இருக்கிறது. தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று 2006-ல் தமிழக அரசு அறிவித்தது. 2011-ல் அதோடு நிபந்தனைகள் சேர்ந்தன, ‘யு’ சான்றிதழ் அவற்றில் ஒன்று. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும் வரை இதுதான் நடைமுறை. தொலைக்காட்சியிலும் ‘ஏ’ படத்தை அப்படியே போட முடியாது, வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும். ஆகவே ‘யு’ என்ற ஓரெழுத்து ஒரு தயாரிப்பாளருக்குக் கோடிகளில் பேசும். அதற்காக எதை வெட்டினார்கள்? முத்தத்தை, ரத்தத்தை, வசவை வெட்டினார்கள். கதாநாயகியை அறையும் கையை வெட்டச் சொல்லி யாரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அறைந்த பிறகு அவளுக்கு அவன்மேல் காதல் வந்தால், ‘குடும்பத்தோடு பார்க்க வேண்டிய படம்’.

‘ஏ’ வாங்கிய படங்களின் கதை இன்னும் சுவையானது. 1951-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மர்மயோகி’தான் தமிழில் முதல் ‘ஏ’ படம். பேய்க்காக! இன்று அதைப் பார்க்கும் என் மாணவிகளுக்குக் கொட்டாவிதான் வரும். காலத்துக்குக் காலம் நாம் எதற்குப் பயந்தோம் என்பதற்கு அந்த எழுத்து ஒரு நல்ல பதிவேடு.

2017-ல் எதற்குப் பயந்தோம்? ‘லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா’வுக்குச் சான்றிதழ் மறுத்த கடிதத்தில் முதல் குற்றச்சாட்டே கதை பெண்களை மையமாகக் கொண்டது என்பதுதான். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் அது ‘ஏ’ வாங்கியது. அந்தத் தீர்ப்பாயத்தையும் 2021-ல் கலைத்துவிட்டார்கள். அதே 2017-ல் ‘தரமணி’க்கு ‘ஏ’. ஆண் ராவாகக் குடித்தால் யு/ஏ, பெண் குடித்தால் ஏ என்று இயக்குநர் ராம் சுவரொட்டியிலேயே கேலி செய்தார். படத்தில் ஆண்ட்ரியாவின் அல்தியா, குழந்தையோடு தனியாக வாழும் ஐ.டி. ஊழியர். அவளைக் காதலிப்பவன் அவளைச் சந்தேகிக்கிறான், வதைக்கிறான், முகம் தெரியாத பெண்களைத் தொலைபேசியில் மிரட்டுகிறான். இதையெல்லாம் படம் வீரமாகக் காட்டவில்லை, நோயாகக் காட்டுகிறது. கடைசியில் அவளை அவனிடமே கொண்டுபோய்ச் சேர்ப்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனாலும் பின்வரிசைப் பெண்ணுக்கு நான் காட்ட விரும்பிய படம் அது. அவளுக்கு நடந்ததற்குப் பெயர் வைக்கும் படம். பதினெட்டு நிரம்பவில்லை என்பதால் காட்ட முடியாது. அவளுக்கு எட்டு வயது இருக்கும்போது அவள் குடும்பமே தியேட்டருக்குக் கூட்டிப்போய்க் காட்டிய படம், ‘ரெமோ’.

அப்படியானால் ‘ரெமோ’வுக்கு ‘ஏ’ கொடுக்கச் சொல்கிறாயா என்று தோழிகள் கேட்கிறார்கள். பெண்ணியவாதிகளில் சிலருக்கு அந்த எண்ணம் உண்டு. எனக்கு இல்லை. நாம் வெறுக்கும் படத்தை ‘ஏ’ என்னும் பெட்டிக்குள் தள்ளினால் அது பையன்களுக்குப் பதக்கமாகும். தவிர, நாளை அதே பெட்டிக்குள் முதலில் போவது பெண்கள் எடுத்த படங்கள்தான். ‘கூலி’க்கு 2025-ல் ‘ஏ’ கிடைத்ததும் தயாரிப்பு நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போனது, வழக்கு தள்ளுபடியானது. தோற்றாலும் அவர்களுக்குப் பெரிய நட்டமில்லை. ‘ஜெயிலர்’ அத்தனை வெட்டுக்குத்துக்குப் பிறகும் யு/ஏ-தான். ரவுடிப் படத்தில் ரத்தம் ஓடும் என்பது எதிர்பார்த்ததுதானே, அதனால் அதிர்ச்சி குறைவு. அந்த வகையில் என் ஓட்டு ‘ஆரண்ய காண்டம்’. ஆண்கள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருக்க, கடைசியில் பணத்தோடு வெளியே நடக்கும் சுப்புவுக்காக. அதுவும் ‘ஏ’.

‘பேண்டிட் குயின்’ பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் என் பக்கமே குழம்பிப்போகிறது. பூலான் தேவியை நிர்வாணமாக்கிக் கிணற்றுக்கு நடத்தும் காட்சியை முன்வைத்து வழக்கு நடந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் ‘ஏ’ சான்றிதழை உறுதிசெய்தது. அந்த நிர்வாணம் பார்ப்பவருக்கு ஆசையை அல்ல, அருவருப்பையும் இரக்கத்தையும்தான் தூண்டும் என்றது. சினிமா பாடத்தில் நான் வருடாவருடம் பெருமையாகச் சொல்லித்தரும் தீர்ப்பு. ஆனால் அந்தப் படத்தை எதிர்த்து அதற்கு முன்பே நீதிமன்றம் போனவர் பூலான் தேவி. உயிரோடு இருக்கும் ஒரு பெண்ணின் வன்புணர்வை அவள் சம்மதம் இல்லாமல் திரையில் நடத்திக் காட்டலாமா என்று அருந்ததி ராய் அப்போதே கேட்டார். வாரியமும் நீதிமன்றமும் பார்ப்பவர் வயதைக் கேட்டன, பார்ப்பவர் மனதில் என்ன தோன்றும் என்று கேட்டன. காட்டப்படுபவளைப் பற்றிய கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. யு, யு/ஏ, ஏ எதிலும் அதற்கு இடமில்லை. எனக்கும் அதற்கு விடை தெரியவில்லை. அந்தப் படத்தை வகுப்பில் காட்டுவதை நான் நிறுத்திவிட்டேன், தீர்ப்பை மட்டும் நடத்துகிறேன்.

2023-ல் திருத்திய சட்டம் யு/ஏ-வை 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்திருக்கிறது. இவை தடை அல்ல, பெற்றோருக்கான குறிப்பு மட்டும். வாரியத்தில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. வர்ஷா பரத்தின் ‘பேட் கேர்ள்’ இந்தப் புது ஏற்பாட்டில் யு/ஏ 16+ வாங்கியது. பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி ஆசைப்படுகிறாள் என்பதற்கே முன்னோட்டத்தை இணையத்திலிருந்து நீக்கும் அளவுக்கு ரகளை நடந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். 2018-ல் வந்த ‘எய்த் கிரேட்’ பதின்மூன்று வயதுச் சிறுமியின் கடைசி நடுநிலைப்பள்ளி வாரத்தைப் பற்றிய படம். அதற்கு ‘ஆர்’ தரச்சான்று. பெரியவர் துணையில்லாமல் பதினேழுக்குக் கீழே யாரும் பார்க்க முடியாது. கதாநாயகி தன் படத்தைத் தானே போய்ப் பார்க்க முடியாது! விநியோகித்த நிறுவனம் ஒருநாள் மாநிலத்துக்கு ஒரு திரையரங்கில் வயது கேட்காமல் இலவசமாகத் திரையிட்டது.

எங்கள் பட்டியல் அன்று முடியவில்லை. மணி நான்கரை, விடுதிக்குத் திரும்ப வேண்டிய நேரம். ‘பேட் கேர்ள்’ போடலாமா என்று கல்லூரியில் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பிள்ளைகள் கிளம்புவதற்கு முன் இரண்டாமாண்டுக்காரி எழுந்து வந்து, சான்றிதழ் என்று நான் எழுதியிருந்த பத்தியின் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தாள். மேலே ‘எந்த வயசுல பார்த்த?’ என்று எழுதினாள். ஒவ்வொருத்தியாக வந்து நிரப்பினார்கள். ‘ரெமோ’வுக்கு நேராக 8, 9, 8, 10, ‘அம்மா அப்பாவோட’. ‘தரமணி’க்கு நேராக இரண்டே பேர். 16, ‘போன்ல, ஹெட்போன் போட்டு’ என்று ஒன்று.

இன்னொன்று பின்வரிசைப் பெண்ணின் கையெழுத்து. 17 என்று மட்டும் எழுதியிருந்தாள். எப்படிப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை.