அடுத்த சீசனில் எது மிஞ்சும்?

'தி வாக்கிங் டெட்' கேமின் முதல் எபிசோடை டெல்டேல் நிறுவனம் 2012 ஏப்ரலில் வெளியிட்டது. அதில் ஒரு மருந்துக்கடைக் காட்சி வரும். செத்தவர்கள் எழுந்து நடமாடும் ஊரில் கொஞ்சம் பேர் அந்தக் கடைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். தடுப்பெல்லாம் உடைகிறது. ஒரு பக்கம் கார்லி மாட்டிக்கொள்கிறாள், இன்னொரு பக்கம் டக் என்கிற இளைஞன். நீங்கள் ஆடுவது லீ என்பவராக. அவரால் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். முடிவெடுக்கச் சில நொடிகள்தான் கிடைக்கும்.

ஆடியவர்கள் அன்றைக்கே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். கார்லி நன்றாகச் சுடுவாள், பின்னால் உதவுவாள் என்று ஒரு கட்சி. டக் கருவிகளில் கெட்டிக்காரன், அவன்தான் தேவைப்படுவான் என்று மறு கட்சி. மூன்றாவது எபிசோடில் பதில் வந்தது. யாரைக் காப்பாற்றியிருந்தாலும் அவர் அதே கூட்டத்தில் இருக்கும் லில்லி என்பவளின் துப்பாக்கிக்குப் பலி. "அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?" என்று பலருக்கும் கோபம்.

கோபம் நியாயம்தான். ஆனாலும் அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் ஆடிப் பார்க்க வேண்டும். கார்லி சாவது லில்லியை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசியதற்காக. டக் கதையில் லில்லி குறிவைப்பது பென் என்கிற பையனை. டக் அவனை இழுத்துவிடப் போய்த் தான் குண்டு வாங்குகிறான். சம்பவம் ஒன்று, சாவு இரண்டு. ஒன்று வாயால் வந்தது, மற்றது மனசால் வந்தது. இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த சீசனைப் பற்றி நீங்கள் செய்யும் யூகமே வேறு தரத்துக்குப் போய்விடும். (முடிவுகளைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத வழியில்லை. இன்னும் ஆடாதவர்கள் இதைப் பத்திரப்படுத்தி வைத்துவிட்டுப் பிறகு படிக்கலாம்.)

கம்மாபுரம், விருத்தாசலம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். செராமிக் பட்டறையில் கரைத்த மண்ணைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரில் மண் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை. ஒரே அச்சில் எத்தனை பொம்மை எடுத்தாலும் உருவம் மாறாது. கண்ணும் உதடும் எழுதுகிற கையில்தான் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வருகிறது. கதை கேமில் சம்பவங்கள் அச்சு. நீங்கள் எடுக்கும் முடிவு, கண் எழுதும் கை.

ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள்? கணக்கு அப்படி. பத்து இடத்தில் இரண்டிரண்டு வழி விட்டு, எல்லா வழியையும் தனித்தனிக் கதையாக வளர்த்தால் 1,024 கதை எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் வசனம், குரல், காட்சி வேண்டும். எந்த நிறுவனத்தாலும் முடியாது. அதனால் பிரிந்த வழியைக் கொஞ்ச தூரம் ஓடவிட்டு மறுபடி ஒன்றாக மடித்துக்கொள்கிறார்கள். இதிலிருந்து யூகத்துக்கு ஒரு நல்ல விதி கிடைக்கிறது: பாதிப் பேர் ஆட்டத்தில் செத்துப்போயிருக்கக்கூடிய ஆள், அடுத்த சீசனில் கதையைத் தாங்கும் தூணாக இருக்க மாட்டார். ஒன்று சீக்கிரமே போய்ச் சேருவார், இல்லை ஓரமாக நிற்பார்.

இந்த விதிக்கு வலிக்கிற சாட்சி அதே கேமின் இரண்டாவது சீசன். 2014 ஆகஸ்டில் அது முடிந்தபோது, நீங்கள் ஆடும் சின்னப் பெண் கிளெமென்டைன் கையில் துப்பாக்கி. எதிரில், அவளோடு வந்த கென்னியும் ஜேனும் ஒருவரையொருவர் கொல்லப் பார்க்கிறார்கள். நீங்கள் கென்னியைச் சுடலாம், சுடாமல் பார்த்துக்கொண்டும் நிற்கலாம். அதன் பிறகு யாரோடு போவது, யாரை விட்டுப் பிரிவது என்று மேலும் கிளைகள். அடுத்த சீசன் வர 2016 டிசம்பர் ஆயிற்று. அதுவரை எத்தனை யூகம்! கடைசியில் மூன்றாவது சீசனின் நாயகன் ஹாவியர் என்கிற புது ஆள். கிளெமென்டைனின் பழைய கதை சில நிமிட நினைவுக் காட்சியாகச் சுருங்கிவிட்டது. கென்னியோடு போனவர்களுக்கு அவர் ஒரு கார் விபத்தோடு முடிந்தார். ஜேனோடு போனவர்களுக்கு அவள் தற்கொலை செய்துகொண்டாள். தனியாகப் போனவர்களின் கிளெமென்டைனுக்கு ஒரு விரல் இல்லை. அந்த அவசரம் எனக்கு இன்றும் ஏற்பில்லை. கென்னியை அத்தனை சண்டைக்கு நடுவே காப்பாற்றியவர்களுக்கு இன்னும் கொஞ்ச நேரம் கொடுத்திருக்க வேண்டும். ஆனால் எது மடிந்தது, எது மிஞ்சியது என்று கவனியுங்கள். ஆட்கள் போய்விட்டார்கள். விரல் இல்லாத அந்தக் கை மட்டும் சீசன் முழுக்கத் திரையில் இருந்தது.

முடிவே ரொம்பப் பெரிதாகிவிட்டால் இன்னொரு வழி உண்டு. கதையையே வேறு ஊருக்குக் குடிமாற்றிவிடுவார்கள். 2015இல் வந்த 'லைஃப் இஸ் ஸ்ட்ரேஞ்ச்' கடைசியில் கேட்பது, தோழி க்ளோயியா, ஊரா என்று. ஒருவரைக் காப்பாற்றினால் மற்றது அழியும். இந்த இரண்டுக்கும் பொதுவான தொடர்ச்சி எழுதுவது கடினம். ஆகவே 2018இல் தொடங்கிய இரண்டாம் பாகத்தில் வேறு ஆட்கள், வேறு பயணம். பழைய முடிவு என்ன என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். அதற்கேற்ப, புது நாயகர்கள் அந்த ஊரைக் கடக்கும்போது அது இடிபாடாகவோ முழுசாகவோ தெரிகிறது.

அந்தப் புது நாயகர்கள் ஷான், டேனியல் என்று அண்ணன் தம்பி. யூகம் செய்யப் பழக இதைவிட நல்ல கேம் எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஒன்பது வயது, பொருட்களைத் தொடாமலே நகர்த்தும் சக்தி. அப்பா இறந்துவிட, இருவரும் சியாட்டிலிலிருந்து மெக்சிகோ நோக்கிப் போகிறார்கள். அண்ணனாக ஆடும் நீங்கள் வழியில் திருடலாம், திருடாமல் பசியோடு இருக்கலாம். தம்பி முன்னால் கெட்ட வார்த்தை பேசலாம், பேசாமலும் இருக்கலாம். அதையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டே வருகிறான். எல்லைக்கு வந்ததும் சரணடைவதா, தாண்டிப் போவதா என்று உங்களைக் கேட்பார்கள். நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. தம்பிக்கு எந்த மாதிரி மனசு வளர்ந்திருக்கிறதோ, அதன்படி அவனும் ஒரு முடிவெடுப்பான். நல்ல வழியில் வளர்ந்த தம்பி, நீங்கள் எல்லை தாண்டினாலும் உடன் வராமல் வண்டியிலிருந்து குதித்துவிடுவான். கெட்டதைப் பார்த்தே வளர்ந்தவன், நீங்கள் சரணடைந்தாலும் விட மாட்டான். இரண்டு இரண்டாக முக்கியமான முடிவு நான்கு. அதில் பாதி மட்டுமே உங்கள் கையில்.

ஆக, யூகிக்கும்போது "யார் பிழைப்பார்?" என்பதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். "என்னைப் பார்த்து யார் என்ன கற்றுக்கொண்டார்?" என்று கேளுங்கள். நிறுவனத்துக்கு ஓர் ஆளைத் தொடர்ந்து சுமப்பது செலவு. ஒரு குணத்தைச் சுமப்பது அவ்வளவு செலவில்லை, சில வசனங்களும் ஒரு பார்வையும் போதும். அதனால் சீசன் தாண்டியும் பிழைப்பது பெரும்பாலும் குணம்தான்.

வாக்கிங் டெட்டின் கடைசி சீசன் இதை அழகாகச் செய்தது. 2018 செப்டம்பரில் டெல்டேல் தன் ஊழியர்களில் பெரும்பாலோரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பியபோது அந்த சீசன் பாதியில் நின்றது. ஸ்கைபவுண்ட் நிறுவனத்தார் எடுத்து நடத்தி 2019 மார்ச்சில் முடித்தார்கள். முதல் சீசனில் லீயிடம் வளர்ந்த கிளெமென்டைன் இப்போது ஏ.ஜே. என்கிற சிறுவனை வளர்க்கிறாள். கஷ்டமான முடிவுகளை அவனை நம்பி விடலாமா என்று ஓரிடத்தில் கேட்பார்கள். அங்கே என்ன சொன்னீர்களோ, அதைப் பொறுத்து அடுத்த எபிசோடில் ஓர் உயிர் போகும். கடைசியில் கடிபட்டுக் கிடக்கும் கிளெமென்டைன், என்னைக் கொல் என்றோ விட்டுவிட்டுப் போ என்றோ ஏ.ஜே.யிடம் சொல்ல வேண்டும். 2012 நவம்பரில், கடிபட்டுக் கிடந்த லீ சின்னப் பெண் கிளெமென்டைனிடம் சொன்ன அதே இரண்டு வார்த்தை. அன்று லீயை என்ன சொல்ல வைத்தோம் என்பதை எழுதி வைத்திருந்தவர்களுக்கு அந்த இடத்தில் கை நடுங்கியிருக்கும்.

எழுதி வைப்பது முக்கியம். எபிசோட் முடிந்ததும், எத்தனை பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்ற கணக்கு திரையில் வரும். அதைப் பார்ப்பதற்கு முன்பே உங்கள் யூகத்தை ஒரு நோட்டில் குறித்துவிடுங்கள், காரணத்தோடு. பார்த்துவிட்டால் கூட்டத்தின் பக்கம் மனசு சாயும். முடிந்தால் உங்களுக்கு நேரெதிராக முடிவெடுத்த ஒருவரோடு உட்காருங்கள். எங்கள் கம்மாபுரத்தில் ஒரு போனைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஆடுகிற பழக்கம் இதற்குத் தோதானது. கென்னியைச் சுட்டவனும் சுடாதவனும் ஒரே திண்ணையில் இருந்தால்தான் யூகம் சூடு பிடிக்கும்.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. 1950 முதல் 1954 வரை கல்கியில் 'பொன்னியின் செல்வன்' வந்தபோது வாரா வாரம் வீடுகளில் நடந்தது இதே வேலை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்பதை ஆசிரியர் தெளிவாகச் சொல்லாமலே விட்டதால் அந்த யூகம் இன்னும் ஓயவில்லை. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே வாசகர் சாட்சி, இங்கே உடந்தை.

பழகிப் பார்க்க ஒரு திறந்த வழக்கு இருக்கிறது: 'தி வுல்ஃப் அமங் அஸ்'. 2014 ஜூலையில் முடிந்தது. இரண்டாம் சீசனை 2017இல் அறிவித்து, டெல்டேல் சரிந்ததும் கைவிட்டு, 2019இல் மறுபடி அறிவித்தார்கள். வருஷக்கணக்காகக் காத்திருக்கிறோம். கடைசிக் காட்சியில் நெரிசா என்கிற பெண் பேசும் சொற்களைக் கேட்டு, ஷெரிஃப் பிக்பிக்கு அவள் யார் என்றே சந்தேகம் வருகிறது. எல்லோரும் யூகிப்பது அதைத்தான். என் யூகம் வேறு இடத்தில். மதுக்கடைச் சண்டையில் தோற்றுக் கிடக்கும் க்ரென் என்பவனின் கையைப் பிக்பி பிய்த்து எறியலாம், எறியாமலும் விடலாம். நெரிசா யார் என்பதை எல்லோருக்கும் பொதுவாக ஒரே பதிலாக மடித்துவிடுவார்கள். க்ரென்னின் கை அப்படியே மிஞ்சும். பிக்பி அந்தக் கடைக்குள் மறுபடி நுழையும்போது யார் யார் எழுந்து போகிறார்கள், யார் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.