ராஜாஜியின் சுதந்திரமும் தோட்டத்துச் சமதர்மமும்

சமதர்மம் பேசும் கட்சியில், "சர்க்கார் ஒதுங்கி நிற்கட்டும்" என்போருக்கு இடமுண்டா? இவ்வினா தமிழர்க்குப் புதிதன்று.

1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கி, பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ஆட்சியைக் கண்டித்தார். 1967-இல் அக்கட்சி, சமதர்மம் பேசிய திராவிட முன்னேற்றக் கழகத்தோடு கைகோத்தது. கழகம் 137 இடங்களையும் சுதந்திராக் கட்சி 20 இடங்களையும் பெற்றன. காங்கிரஸ் ஆட்சி வீழ்ந்தது. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றவர்களும், தானிய வாணிபத்தில் சர்க்கார் புகலாகாது என்றவர்களும் ஒரே மேடையில் நின்றனர். அவர்களைப் பிணைத்தவை காங்கிரஸ் எதிர்ப்பும் இந்தித் திணிப்பு எதிர்ப்புமே, பொருளாதாரக் கொள்கையன்று. 1971-இல் சுதந்திராக் கட்சி, காமராஜரின் ஸ்தாபனக் காங்கிரஸோடு சேர்ந்து கழகத்தையே எதிர்த்தது.

இதனின்று நாம் அறிவது யாது? ஆள்வோரின் அத்துமீறலைத் தடுக்கும் சுதந்திரக் கொள்கை சமதர்மத்திற்கு அரணாகும். அதைப் பேசுவோரின் வாக்கையும் வாதத்தையும் வரவேற்பதே அறிவுடைமை. ஆனால், "கூலி இருவர்க்கிடையே ஆகும் ஒப்பந்தம், அங்கே சட்டத்திற்கு வேலையில்லை" என்னும் வாதம் நமக்கு ஒவ்வாது. கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் குடியிருக்கும் வீடும் முதலாளியினுடையதே. வேலை போனால் கூரையும் போகும். அவ்விடத்து ஒப்பந்தம் எங்ஙனம் சுதந்திரமாகும்? 2013-இல் தீபகற்ப மலேசியாவில் 900 ரிங்கிட் என்னும் குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தது சட்டத்தால். சந்தையின் கருணையால் அன்று.

ஆதலின், சுதந்திரம் பேசுவோர் நம்மிடையே தாராளமாக வரலாம். கூலிச் சட்டத்தை வாசலிலேயே கழற்றிவைக்கச் சொன்னால் மட்டும் நாம் இசையோம்.