பத்து கிராம் கரிசல்

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. அங்கிருந்து வந்த பருத்தி, கம்பு, உளுந்து ரகங்களின் பெயர்கள் இந்த வட்டாரத்துச் சம்சாரிகளுக்கு மனப்பாடம். ஆனால் துத்தநாகம், தாமிரம் போன்ற நுண்சத்துக்களைக் கணக்கிடுவதற்காகக் கரிசல் மண்ணைப் பக்குவப்படுத்துகிறார்களே, அந்தக் கைவேலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அது ஒரு தேர்ந்த கலை.

கலை காட்டிலேயே ஆரம்பமாகிவிடுகிறது. கோடையில் கரிசல் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேல்மண் அந்த வெடிப்புக்குள் சரிந்து அடிமண்ணோடு கலந்து கிடக்கும். விவரம் தெரிந்தவர் வெடிப்பு ஓரத்தில் மண்வெட்டியை வைக்கமாட்டார். வரப்போரம், மரநிழல், எருக் குவித்த இடம் எதையும் தொடமாட்டார். தாளையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, ஆங்கில ‘வி’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, குழியின் சரிவை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சீவி எடுப்பார். இப்படிப் பல இடத்தில் எடுத்ததைக் கலந்து பரப்பி, நாலு பங்காக்கி, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் வைத்துக்கொள்வார். அரைக் கிலோவாகக் குறையும்வரை இதே வேலைதான்.

அடுத்தது உலர்த்தல். கரிசலின் முழுக் குணமும் இங்கேதான் தெரியும். ஈரத்தில் தொட்டால் விரலில் அப்பிக்கொள்ளும். முழுக்கக் காயவிட்டாலோ கட்டி கல்லாகிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு பதம் உண்டு: அழுத்தினால் உதிரும், ஒட்டாது. நிழலில் காயும் மண்ணை அவ்வப்போது விரலால் தொட்டுப் பார்த்து, அந்தப் பதம் வந்ததும் கட்டிகளைக் கையாலேயே உதிர்த்துவிடுகிறார்கள். பணியாரத்துக்கு மாவு கரைக்கிற கைக்குத் தெரிகிற மாதிரி, இதுவும் கைக்குத் தெரிகிற கணக்கு. உதிர்க்கும்போதே வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும் சுக்கான்கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். அதையும் சேர்த்து இடித்துவிட்டால் அதன் சுண்ணாம்பு மண்ணோடு கலந்து முடிவையே புரட்டிவிடும்.

மிச்சக் கட்டிகளை மரச்சுத்தியலால் தட்டுவார்கள். ஏன் மரம்? தமிழ்நாட்டு மண்ணில் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய துத்தநாகம் கிலோவுக்கு 1.2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பற்றாக்குறை என்று வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான அளவில் மண்ணைத் தொடும் ஒவ்வொரு பொருளும் சந்தேகத்துக்குரியது. பித்தளைச் சல்லடை தாமிரத்தையும் துத்தநாகத்தையும் உதிர்க்கும். இரும்பு உலக்கை இரும்பைச் சேர்க்கும். ரப்பர் மூடியில்கூடத் துத்தநாக ஆக்சைடு இருக்கிறது. அதனால்தான் நைலான் சல்லடை, பிளாஸ்டிக் தட்டு.

2 மில்லிமீட்டர் கண்ணில் சலித்ததில் 10 கிராம் எடுத்து, உலோகங்களைப் பிடித்து இழுக்கும் டி.டி.பி.ஏ. கரைசல் 20 மில்லியில் இரண்டு மணி நேரம் குலுக்கி வடிகட்டுகிறார்கள். லிண்ட்சே, நார்வெல் என்ற ஆய்வாளர்கள் 1978-இல் வெளியிட்ட முறை இது. கரைசலின் கார அமில நிலையை 7.3-இல் நிறுத்தி, கால்சியம் குளோரைடும் சேர்த்திருப்பதால் மண்ணிலுள்ள சுண்ணாம்பு கரைவதில்லை. அதற்குள் அடைபட்ட உலோகம் வெளியே வந்து கணக்கைக் கூட்டுவதும் இல்லை. சுண்ணாம்பு மண்டிய நம் கரிசலுக்கென்றே யோசித்ததுபோன்ற அழகு இந்த முறையில் இருக்கிறது.

இதே கலையின் இன்னொரு கிளை எண்ணெய் ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது. 1969 முதல் இயங்கும் மணலி சுத்திகரிப்பு ஆலை போன்ற இடங்களில், கச்சா எண்ணெயை வடித்தபின் அடியில் தங்கும் கெட்டியான எச்சத்தில் வனேடியமும் நிக்கலும் சேர்ந்து நிற்கும். வினையூக்கியைக் கெடுப்பவை இவை. எச்சத்தைச் சூடாக்கி இளக்கிக் கலக்காமல் மாதிரி எடுத்தால் அது மாதிரியே அல்ல. நேராக எரித்தால் உலோகத்தில் ஒரு பகுதி ஆவியோடு போய்விடும். எனவே கந்தக அமிலம் சேர்த்து, பொங்கவிடாமல் மெல்லக் கருக்கி, 525 டிகிரி உலையில் சாம்பலாக்கி, அந்தச் சாம்பலை அமிலத்தில் கரைக்கிறார்கள். பொருள் வேறு, பொறுமையும் சந்தேகமும் ஒன்றுதான்.

மறுபடி மண்ணுக்கு வருவோம். ஒரு ஏக்கரின் மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அத்தனைக்கும் சாட்சி சொல்லப்போவது 10 கிராம். கடைசியில் உலோகத்தை அளக்கும் ஏ.ஏ.எஸ். கருவி எவ்வளவு உசத்தியானதாக இருந்தாலும், தனக்குக் கொடுத்ததைத்தான் அது அளக்கும்.

புரட்டாசி விதைப்புக்கு முன்னால் மண் எடுத்துக் கொடுக்கப்போகும் சம்சாரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தகர வாளியில் அள்ளாதீர்கள், பழைய உரச்சாக்கில் கட்டாதீர்கள். சுத்தமான பிளாஸ்டிக் வாளியும் புதுப் பையும் போதும்.